சடையன் கரடி கேட்ட வலை

புளியங்காட்டில் சடையன் என்றொரு கரடி தேன்கடை வைத்திருந்தது. தேன் என்னவோ அருமையான மலைத்தேன்தான். ஆனால் கடை ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அங்கே கடை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. விற்காத தேனைச் சடையனே நக்கித் தீர்த்தது. வயிறு பெருத்தது, வியாபாரம் இளைத்தது!

குளத்தங்கரைக் குரங்கோ தன் கடைமுன் ஒரு சிலந்தி வலையைக் கட்டி, அதில் 'வாழைப்பழம்' என்று எழுத்தும் பின்ன வைத்திருந்தது. அங்கே கூட்டம் அலைமோதியது.

சடையனுக்கு வயிறு எரிந்தது. அந்த வலையைப் பின்னிய எட்டாயி என்ற சிலந்தியைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வலை பின்னிக் கொடுப்பதுதான் எட்டாயியின் தொழில். கூலி, கடையில் மொய்க்கும் ஈக்கள்.

"எனக்கும் ஒரு வலை வேண்டும்!" என்றது சடையன்.

"பின்னிடலாம் அண்ணே! எங்கே கட்டணும்? யார் பார்க்கிறதுக்கு?"

"வலை பின்னுவது நீயா, நானா? அசத்தலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்!"

"அசத்தல்னா எப்படி அண்ணே?"

சடையன் தலையைச் சொறிந்தது. அதற்கே தெரியவில்லை. ஆனாலும் கெத்தை விட மனமில்லை.

"வந்தவன் எவனும் இடத்தைவிட்டு நகரக் கூடாது! அப்படி இருக்க வேண்டும்!"

"இப்பத்தான் புரியுது!" என்றது எட்டாயி.

மறுநாள் காலை, அலறல் கேட்டுச் சடையன் ஓடிவந்தது. கடைக்குப் போகும் வழியை மறித்து ஒரு பிரமாண்டமான வலை! மின்னுகிறதே என்று பார்க்க வந்த மயில் தோகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி தலைகீழாகத் தொங்கியது. முயல்கள் காதோடு காது சிக்கிக் கிடந்தன.

"ஒருத்தர்கூட நகரலை பாருங்க அண்ணே! பசையைக் கூடுதலாவே போட்டேன்!" என்றது எட்டாயி பெருமையாக.

பதறிப்போய் விடுவிக்கப் பாய்ந்த சடையனும் பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதன் மூக்கு பன்றியின் வாலடியில் போய் நின்றது.

"இது என்ன இடமய்யா?" என்று உறுமியது பன்றி.

"தே... தேன்கடை."

"அதை எங்கேயாவது எழுதியிருக்கிறாயா?"

சடையனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சிக்கிய மூக்கோடு திரும்பக்கூட வழியில்லை.

எட்டாயி இழை இழையாக அறுத்து எல்லோரையும் விடுவித்தது. "வேற மாதிரி பின்னட்டுமா அண்ணே?"

சடையன் உட்கார்ந்து நன்றாக யோசித்தது. பிறகு நிதானமாகச் சொன்னது: "பாறை உச்சியில் கட்டு. குளத்தங்கரையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். 'மலைத்தேன் கிடைக்கும்' என்று பெரிதாகப் பின்னு. கடைக்கு வழிகாட்ட ஓர் அம்புக்குறி போடு. பசை மட்டும் ஒரு பொட்டுக்கூட வேண்டாம்!"

"உச்சியிலே காத்து பலமா அடிக்குமே. இழையை ரெட்டையாப் போடவா?"

"போடு தாயே, போடு!"

வலை ஏறியதும் கூட்டம் வந்தது. காட்டுப்பன்றியும் வந்தது. ஒரு முயலை முன்னால் தள்ளிவிட்டு, அது ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே கடைக்குள் கால் வைத்து, ஒரு குடம் தேன் வாங்கிப் போனது.

என்ன வேண்டும் என்பதை விளக்கிச் சொல்லாமல் வேலையை ஒப்படைப்பவனுக்கு, கேட்டது கிடைக்கும், வேண்டியது கிடைக்காது.