திறந்து வைத்த அண்டா

“தண்ணி தீர்ந்து போச்சும்மா” என்றார் தணிகாசலம்.

மடத்தை நடத்தும் சிவகாமியம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஓய்வுபெற்ற பொறியாளரான அவருக்கு அதில் கொஞ்சம் கூச்சம்தான். ஆனாலும் போய்க் கேட்க அவருக்கு வேறு ஆளில்லை.

“எங்க அஞ்சு ஊருக்கும் அடியில ஒரே ஊத்து. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு எல்லார் போன்லயும் தெரியற மாதிரி கருவி வச்சேன். ஜப்பான்காரங்க, ஜெர்மன்காரங்கன்னு எத்தனையோ பேர் உதவினாங்க. ஊர்க்காரங்களும் சிக்கனமா இருப்போம்னு சூடம் ஏத்தி சத்தியம் பண்ணாங்க.”

“அப்புறம்?”

“அளவு இறங்க இறங்க, விடாம மோட்டாரை ஓட்டுறாங்க. சித்திரை வரைக்கும் வர்ற தண்ணி மாசியிலயே முடிஞ்சுது. எங்க வீட்டுல குடிக்கவே லாரித் தண்ணிதான். அடுத்த வாரம் எல்லா ஊர்லயும் இன்னும் ஆழமா போர் போடப் போறாங்க. அதோட அடி ஊத்தும் போயிடும். நான் எங்கம்மா தப்புப் பண்ணினேன்?”

அம்மை சாப்பாட்டு வரிசையைக் காட்டினார்.

“முதல்ல சாப்பிடுங்க ஐயா.”

அந்த மடத்தில் பரிமாற ஆள் கிடையாது. அண்டாவின் மூடி பாதி மூடியே இருக்கும். வரிசையில் வருகிறவர் கரண்டியை உள்ளே விட்டு, வேண்டிய சோற்றை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். உள்ளே எட்டிப் பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவு.

அம்மை வந்து மூடியை எடுத்துக் கீழே வைத்தார். போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த வரிசை சட்டென்று அடங்கியது. கழுத்துகள் நீண்டன. பின்னால் இருந்தவர் தணிகாசலத்தின் முதுகில் இடித்தார். தணிகாசலமும் முன்னால் இருந்தவரை இடித்தார். பெரிய மனிதர்தான், என்ன செய்ய.

அவர் முறை வந்தது. ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். அண்டாவுக்குள் பார்த்தார். இன்னொன்று போட்டார். மறுபடி பார்த்தார். மூன்றாவதும் போட்டார்.

உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டிருப்பார். கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

அம்மையின் தட்டு காலியாக இருந்தது. அவருக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண்ணின் தட்டும் காலி.

சமையல்கார மருதாயி பதறி ஓடி வந்தாள். “தினமும் வடிக்கிற அளவுதாம்மா வடிச்சேன்! ஒருநாளும் பத்தாமப் போனதில்லையே!”

தணிகாசலம் தன் தட்டைப் பார்த்தார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஒரு கரண்டிச் சோறே அவருக்குப் போதும். எச்சில் சோற்றை யாருக்குத் தருவது? அவமானத்தில் முகம் எரிந்தது.

தட்டை ஓரமாக வைத்துவிட்டு அம்மையிடம் போனார்.

“அம்மா, நாளைக்கே போய்க் கருவியை எல்லாம் கழட்டிடறேன்.”

“கழட்டுங்க” என்றார் அம்மை. “பார்த்த கண்ணை என்ன பண்ணுவீங்க?”