முன்வரிசைப் பாய்

பௌர்ணமிக் கூட்டம் முடிவதற்குள் வேலாத்தாள் எழுந்து போய்விட்டாள்.

அவளுக்குக் காது கேட்காது. குருவான அம்மையார் பேசப் பேச, எல்.இ.டி. திரையில் அவர் முகத்துக்குக் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதற்காகவே மாதந்தோறும் பஸ் மாறி ஆசிரமத்துக்கு வருகிறவள். பழைய திரை பழுதாகிவிட்டது. புதிதாக வாங்க, ஒரே விலையில் இரண்டு திரைகளைக் கம்பெனிக்காரர்கள் சோதனைக்கு நிறுத்தியிருந்தார்கள். சின்னது ஒன்று, பெரியது ஒன்று. பெரியதை முந்தின நாள் ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அன்று கூட்டத்தில் ஓடியது சின்னது.

அவள் போனதை மேடையிலிருந்தே அம்மையார் பார்த்துவிட்டார். பேச்சை முடித்து இறங்கும்போது முகம் கடுகடுவென்று இருந்தது.

தலைமைச் சீடர் நாச்சிமுத்து அதைக் கவனிக்காமல் சிரித்துக்கொண்டே வந்தார். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். மூத்த சீடர்களுக்கு அங்கே முன்வரிசையில் ஆளுக்கொரு பாய் உண்டு. அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

"அம்மா, சின்னத் திரையவே வாங்கிடலாமுங்களா? புள்ளிக்குப் புள்ளி ரெண்டே மில்லிமீட்டர் இடைவெளி. உங்க கண்ணிமை முடியக் கூட எண்ணலாமுங்க. பெரிசுல ஆறு மில்லிமீட்டர். முகமெல்லாம் பொரியை இறைச்சாப்புல இருக்குது."

"எங்கிருந்து பாத்தீங்க?"

"என்ற பாய்ல இருந்துதானுங்க."

அம்மையார் விறுவிறுவென்று போய் அந்தப் பாயைச் சுருட்டினார். அக்குளில் இடுக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். நாச்சிமுத்து பதறிப் பின்னால் ஓடினார். வாசல் கேட்டருகே, வேலாத்தாள் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில், பாய் தொப்பென்று விழுந்தது.

"உக்காருங்க."

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். உக்காருங்கன்னா உக்காருங்க!"

அவமானத்தில் காது சுட்டது அவருக்கு. உட்கார்ந்தார். அம்மையார் கம்பெனிக்காரர்களைப் பார்த்துக் கையசைக்க, சின்னத் திரையில் ஒரு வரி ஓடியது.

"படிங்க."

நாச்சிமுத்து கண்ணை இடுக்கினார். கழுத்தை நீட்டினார். வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது.

"இத்தனை தூரத்துல இருந்து யாரால படிக்க முடியும்?" என்று கத்தினார்.

"வேலாத்தாளும் அப்படித்தான் நெனச்சிருப்பா. அவ கத்தல, எந்திரிச்சுப் போயிட்டா."

"அடுத்த மாசம் அவளை முன்னால உக்கார வெச்சிடறேனுங்க."

"அவளைச் சுத்தி உக்காந்திருந்த சனத்தை? அத்தனை பேரையும் உங்க ஒரு பாய்லயே உக்கார வெப்பீங்களா?"

அம்மையார் மறுபடி கையசைத்தார். அதே வரி இப்போது பெரிய திரையில் ஓடியது. யாரும் சொல்லாமலே நாச்சிமுத்து வாய்விட்டுப் படித்தார்.

"சாப்பிடாமல் யாரும் போக வேண்டாம்."

படித்த பிறகு திரும்பி வாசல் கேட்டுக்கு வெளியே பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. வேலாத்தாள் பசியோடு பஸ் ஏறியிருப்பாள்.

அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

"சரிங்கம்மா, பெரிசையே வாங்கறேன். ஆனா முன்வரிசையில இருக்கறவங்களுக்கு உங்க முகம் புள்ளி புள்ளியாத் தெரியுமுங்களே!"

அம்மையாருக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

"நாலடி தள்ளி நான் உக்காந்திருக்கறப்ப, நீங்க என்ற மூஞ்சியத் திரையிலயா பாத்துட்டு இருந்தீங்க?"