நானாத்தான் குதிச்சேன்

சங்கரன்கோவில் உரக்கடை ஆவுடையப்பன் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனது மீசையை எடுக்க. உள்ளூரில் எடுத்தால் ஏன் எதற்கென்று தெருவே கேட்கும். போன வாரம் தெப்பக்குளத்தைச் சுத்தம் செய்து தண்ணீர் விட்ட விழாவில், மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் தொபீரென்று குளத்துக்குள் விழுந்தார். எழுந்து நின்று மீசையைப் பிழிந்துவிட்டு, "தவறி விழல, நானாத்தான் குதிச்சேன்" என்றார். எவனோ அதைச் செல்போனில் பிடித்துப் போட்டுவிட்டான். இப்போது யார் எதில் தோற்றாலும் அந்த மீசையும் அந்த வசனமும்தான் வாட்ஸப்பில் சுற்றுகின்றன.

நாளைக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அந்த மீசையோட உக்காந்தீங்கன்னா சம்பந்தம் வாசலோட திரும்பிரும்" என்று மனைவி உலகம்மாள், முறுக்கின நுனிகளைக் காலையிலேயே கத்தரித்துவிட்டாள். மிச்சத்தைச் சுத்தமாக வழித்துவிட்டு வரவேண்டும், போகிற இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பது உத்தரவு.

முதலில் ஆவுடையப்பன் உத்தரவுப்படி ஒழுங்காகத்தான் இருந்தார். சலூன்கார இசக்கியப்பன் சோப்பு போட்டு முடிக்கிற வரைக்கும் மூச்சு விடவில்லை. பெஞ்சில் காத்திருந்த பஸ் கண்டக்டர் சேவியர்தான் கெடுத்தார்.

"விடிஞ்சா போதும், குட் மார்னிங்னு ரோசாப்பூவா வந்து விழுது. எவன் ஆரம்பிச்சு வச்ச சனியனோ."

"நான்தான்" என்றார் ஆவுடையப்பன், நுரைக்குள்ளிருந்து.

சேவியர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக் கொல்லையில பூத்த பூ அது. பனித்துளியோட எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். அதுவரைக்கும் உலகத்துல ஒருத்தனும் ஒருத்தனுக்கும் காலை வணக்கம் சொன்னதில்ல, பாத்துக்கிடும். எந்திரிச்சமா, பல்லு வெளக்கினமான்னு கெடந்தான்."

"வாயை அசைக்காதீங்க அண்ணாச்சி, உதட்டைச் சீவிரும்" என்றார் இசக்கியப்பன். ஒரு பக்க மீசை போயிருந்தது.

"லைக்குன்னு ஒரு கட்டைவிரல் வருதுல்லா, அது யாரு விரல்ங்கீரு? உரமூட்டை விழுந்து நசுங்கி, மடக்க முடியாம நிமித்தியே வச்சிருந்தேன். குத்தாலத்துல குளிக்க வந்த வெள்ளைக்காரன் படம் எடுத்துட்டுப் போயிட்டான். அப்ப ரத்தம் கட்டி நீலமா இருந்துச்சு. இன்னைக்கும் நீலமாத்தான வச்சிருக்கான்?"

சேவியர் தன் செல்போனை எடுத்து அந்தக் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார். எதிராளி ஒரு நிமிஷம் யோசித்தால் ஆவுடையப்பனுக்கு அது மாலை போட்ட மாதிரி.

"இதுக்கே இப்படி முழிக்கீரு. எங்க எருமை கொட்டாவி விட்டதை வீடியோ போட்டனே, தெரியுமா? பாத்தவனெல்லாம் கொட்டாவி விட்டான். அமெரிக்காவுல ஒரு நாள் பூரா ஆபீஸ் நடக்கல. கூட்டம் தாங்காம கடலுக்கு அடியில போற கேபிள் காய்ஞ்சு, தூத்துக்குடியில வலையில விழுந்த மீனெல்லாம் பொரிஞ்சே வந்துச்சு."

"மசாலா?" என்றார் சேவியர்.

"மசாலா நாமதான் போட்டுக்கிடணும். இல்லாததைச் சொல்லக்கூடாதுல்லா."

இசக்கியப்பன் அடுத்த பக்கத்தையும் வழித்துத் துடைத்துவிட்டார். சேவியர் எழுந்து வந்து செல்போனை நீட்டினார். "உம்ம கதையெல்லாம் கெடக்கட்டும். இன்டர்நெட்ல பேரு வாங்கின மனுசன்னா இவருதான் வே. வீட்டுல சண்டைன்னா நான் இதைத்தான் அனுப்புவேன், அவ சிரிச்சுருவா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்."

திரையில் மீசையைப் பிழிந்துகொண்டிருந்தார் ஆவுடையப்பன்.

தன் மேலேயே இப்படிப் பொறாமை வரும் என்று அவர் நினைத்ததில்லை. மகளின் முகம் வந்து போனது, உலகம்மாளின் உத்தரவும் வந்து போனது. ஆனாலும் பொறுக்க முடியவில்லை.

"அது நான்தான் வே."

சேவியர் சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடியது. ஆவுடையப்பன் துண்டோடு எழுந்து நின்று, "தவறி விழல, நானாத்தான் குதிச்சேன்" என்று சொல்லியே காட்டினார்.

"குரல் ஒட்டலையே" என்றார் சேவியர். "அவரு சொன்னா அதுல ஒரு கம்பீரம் இருக்கும்."

இசக்கியப்பனுக்குக் கோபமே வந்துவிட்டது. "பூவு சரி, விரலு சரி, பொரிச்ச மீனைக்கூட ஒத்துக்கிட்டேன். ஒரு நல்ல மனுசன் பேரை எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. அவரு மீசை மம்பட்டிப் பிடி கனம். உங்ககிட்ட நான் எடுத்தது ஒரு பிரஷ்ஷுக்குக் காணாது."

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது உலகம்மாள் போன் செய்தாள். "யாருக்கும் தெரியலையே?"

"நானே சொல்லிட்டேன். நடிச்சும் காட்டினேன். மீன் பொரிஞ்ச கதையை ஒத்துக்கிட்டவன்கூட இதை நம்பல உலகு."

"அப்பாடா. நாளைக்கு அவங்க கேட்டா, தைரியமா நான்தான்னே சொல்லுங்க" என்றாள் உலகம்மாள். "ஆனா அதுக்கு முன்னால அந்த மீன் கதையைச் சொல்லிருங்க."