மணி இல்லாத வண்டி

தன் பையன் செத்த ரேஸ் கார் வண்டியிலயே ஓட்டக் கத்துக்க வந்தாருங்க ஒரு மனுசன். ராக்கியப்பன்னு பேரு. பீளமேட்டுல கிரைண்டர் பட்டறை வச்சிருந்தாரு. வயசு அம்பத்தாறு.

கத்துக்குடுத்தவ ரெஜினா. அவளுக்கு முப்பத்திமூணுதான். ஆனா அவ கத்துக்குடுத்த ரேஸ் டிராக்குல நரச்ச தலைக்காரங்க கூட அவள மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. நான் அங்க கேண்டீன்ல இட்லி ஊத்திட்டிருந்தேன், எனக்கு மட்டும் அவ ரெஜினா.

செத்துப்போன பையன் குணசீலனும் அவகிட்டக் கத்துக்கிட்டவன்தான். நாலாவது வளைவுல கியர் மாத்தறப்ப வண்டி பின்னால சுத்தி செவுத்துல மோதிருச்சு. "அவசரக்குடுக்கை, கியர் மாத்தத் தெரியல"ன்னு டிராக்கு பூரா பேசுனாங்க. ரெஜினா ஏழு மாசம் வண்டிச் சாவியத் தொடல.

நொறுங்குன வண்டிய ராக்கியப்பன் பட்டறைக்குக் கொண்டுபோயி, தட்டி நிமித்தி, திருப்பி அவ முன்னால கொண்டாந்து நிறுத்துனாரு.

"அம்மிணி, இத எனக்கு ஓட்டக் கத்துக்குடு. என் பையன் எங்க தப்புப் பண்ணுனான்னு எனக்குத் தெரியோணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க அய்யா?"

"தூங்குவேன்."

அவ வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தா. "மொதல்ல எஞ்சின நான் பாக்கோணும். திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு வாங்க"ன்னா.

அது சாதாரண வண்டி இல்லீங்க. ரோட்டரி எஞ்சின், காத்த உள்ள அழுத்தித் தள்ளற டர்போ வச்சது. மத்த எஞ்சினெல்லாம் உலக்கை மாதிரி மேலயும் கீழயும் குத்தும். ரொம்ப மிதிச்சா அதிரும், கத்தும், போதும் விடுன்னு சொல்லும். இது கிரைண்டர் மாதிரி உள்ளுக்குள்ளயே சுத்தும். ஒடையற நிமிசம் வரைக்கும் நைசா இருக்கும். அதனால எஞ்சின் சுத்தற வேகத்தக் காட்டற முள்ளு செவப்புக் கோட்டுக்கிட்டப் போனா அடிக்கறதுக்குன்னே ஒரு மணி வச்சிருப்பாங்க.

கிரைண்டர்னதும் ஞாபகம் வருது. இதே ராக்கியப்பன் ஒருக்கா மணி வச்ச கிரைண்டர் போட்டாரு. அரை மணி ஆனா கிணிங்னு அடிக்கும், நிறுத்திக்கலாம். நானும் கேண்டீனுக்கு ஒண்ணு வாங்குனேன். பழைய அரிசியோ புது அரிசியோ, மணி அடிச்சா நிறுத்துவோம். மாவத் தொட்டுக்கூடப் பாக்க மாட்டோம். இட்லி கல்லாட்டம் வந்துச்சு. என் மருமக அதத் தூக்கி நாய்க்குப் போட்டா, நாய் மோந்து பாத்துட்டு எட்டப் போயிப் படுத்துக்கிச்சு. ஊருல இருக்கற பொம்பளைங்கெல்லாம் திட்டித் தீத்ததும், மனுசன் வீடு வீடா ஆள அனுப்பி மணியக் கழட்டிட்டு வரச் சொன்னாரு. அது கெடக்கட்டும், வண்டிக்கு வரேன்.

மொத நாளே வண்டிக்குள்ள கேட்டாரு, ரெஜினா அப்பறம் எங்கிட்டச் சொன்னது.

"எப்ப கியர் மாத்தோணும் மாஸ்டர்?"

"இன்னைக்கு மாத்தவே வேண்டாம். மூணாவதுலயே ஓட்டுங்க."

நாலாம் நாளு மறுபடியும்.

"எப்ப மாத்தோணும்?"

"ஸ்டியரிங் நேரா இருக்குதா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்குக் கேக்கறீங்க?"

"ஏன் அம்மிணி, முப்பது வருசத்துல என் பொண்டாட்டி ஒரு நாளும் இப்படிக் கஞ்சமாப் பேசுனதில்ல."

"அவங்க உங்ககூட இந்த வேகத்துல வந்ததில்லீங்க அய்யா."

சிரிச்சாரு. பையன் போனதுக்கப்பறம் அவரு சிரிச்சது அந்த ஒரு தடவதான்.

ஒம்பதாம் நாளு நல்லா வேகமாப் போனாங்க. நாலாவது வளைவுக்குள்ள வண்டி பாதி திரும்பியிருக்கு. முள்ளு சரசரன்னு ஏறி செவப்பத் தொடப் போகுது. ராக்கியப்பன் கை கியருக்குப் போச்சு. ரெஜினா அந்தக் கை மேல தன் கைய வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டா.

"மாத்தட்டுமா?"

"கால மட்டும் கொஞ்சம் இளக்குங்க. வளைவுக்குள்ள மாத்துனா வண்டி சுத்திரும். ரோட்டப் பாருங்க."

வளைவு முடிஞ்சுது. ஸ்டியரிங் நேரா வந்துச்சு. அவ கைய எடுத்தா. அவரு மாத்துனாரு. வண்டி ஒரு குலுங்கு கூடக் குலுங்கல.

கேண்டீன் முன்னாலதான் வந்து நின்னாங்க. டர்போ வண்டிய ஓட்டுன சூட்டோட அணைக்கக் கூடாது. ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டு ஆறினதுக்கப்பறந்தான் சாவியத் திருப்போணும். அதனால எஞ்சின் ஓட ஓட ரெண்டு பேரும் உள்ளயே உக்காந்திருந்தாங்க. கண்ணாடி எறக்கியிருந்துச்சு.

"முள்ளு செவப்புக்கிட்டப் போச்சு. மணி ஒண்ணு அடிக்கும்னு குணா சொல்லுவான். அடிக்கலியே?"

"ஒயர அறுத்துட்டேன்."

"எப்ப?"

"நீங்க வண்டியக் கொண்டாந்த அன்னைக்கு."

அவரு திரும்பி அவ மூஞ்சியப் பாத்தாரு. "அவனுக்கு எப்ப மாத்தோணும்னு சொல்லிக் குடுத்த?"

"மணி அடிச்சா மாத்துன்னு."

எஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு.

"அன்னைக்கு அது எங்க அடிச்சுது அம்மிணி?"

"இப்ப உங்க கைய நான் பிடிச்ச எடத்துல."

"அப்ப என் பையன் தப்பா மாத்தலியா?"

"இல்லீங்க அய்யா. நான் சொன்னபடியேதான் மாத்துனான்."

அவரு கை சாவிக்குப் போயி அங்கயே நின்னுச்சு. ரெண்டு நிமிசம் ஆச்சு, அஞ்சு நிமிசமும் ஆச்சு. அவரு வண்டிய அணைக்கல.