பின்சீட்டு விரல்கள்

ஒரு விமானத்தில் ஓட்டுவதற்கு இரண்டு பிடிகள். முன்சீட்டில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அப்படியானால் அதை ஓட்டுவது யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

அவசரம் வேண்டாம். பன்னிரண்டு வருஷம் போர் விமானம் ஓட்டிய கலியமூர்த்திக்கே பதில் தெரியாமல்தான் இருந்தது.

அவர் பயிற்சித் தளத்துக்கு ஆசிரியராக வந்து நான்கு மாதம். ஒரு காலையில் கையில் காகிதத்தோடு அம்சவேணியைத் தேடி வந்தார்.

அம்சவேணி அங்கே தலைமை ஆசிரியை; ஆசிரியர்களுக்கு ஆசிரியை. வயதில் கலியமூர்த்தியைவிட ஐந்து வருஷம் சின்னவர்.

“மேடம், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“என்னது?”

“என்கிட்ட படிக்கிற ஜெனிட்டாவை வீட்டுக்கு அனுப்பணும்.”

“ஏன், மேலே சரியா ஓட்டலையா?”

“மேலே ராணி மாதிரி ஓட்டுறா. சத்தத்தோட வேகத்தை முந்திட்டுப் போறா, கை நடுங்கலை. தரைக்கு வரும்போதுதான் கெடுது. பதினாறு தடவை கூட்டிட்டுப் போயிட்டேன். ஒரு நாள் இறக்கின மாதிரி மறுநாள் இறக்கறதில்லை. என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டா, ‘தெரியல சார்’ங்கறா.”

“நான் கையெழுத்துப் போட்டா?”

“நாளன்னிக்கு ரயில் ஏறிடுவா. அப்புறம் விமானத்து வாசனைக்கே வர முடியாது.”

“போடலைன்னா?”

“அடுத்த வாரம் தனியா மேலே அனுப்பணும். செத்துப்போவா மேடம்.”

அம்சவேணி காகிதத்தை வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?”

“நல்ல பொண்ணு மேடம். எனக்கென்ன ஆசையா?”

“தெரியுது. வாங்க, வெளியே போகலாம்.”

விமானம் வெயிலில் நின்றது. நீண்ட மூக்கு. கத்தி மாதிரி மெல்லிய குட்டை இறக்கைகள்.

கலியமூர்த்தி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“என்னை மறுபடியும் சண்டை விமானத்துக்கே அனுப்பிடுங்க. இந்த எல்.கே.ஜி. வண்டி எனக்கு ஒத்துவரலை.”

“எல்.கே.ஜி.ல சேர உங்களுக்கு வயசு தாண்டிடுச்சேன்னு நானும் யோசிச்சேன்.”

அவர் சிரிக்கவில்லை. அம்சவேணி விமானத்தின் மூக்கில் கை வைத்தார்.

“இதுக்கு ஒரு அண்ணன் உண்டு, தெரியுமா? ஒரே வரைபடத்துல பிறந்தது ரெண்டும். அண்ணனுக்குத் துப்பாக்கி வச்சாங்க. இதுக்கு இன்னொரு சீட்டு வச்சாங்க. அவன் சண்டைக்குப் போயிட்டான். இது பள்ளிக்கூடத்துல நின்னுடுச்சு. நீங்க பிறக்கும் முன்னாடியே சத்தத்தை முந்தினது. ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒரு எதிரியைக்கூடச் சுட்டதில்லை.”

“அதைத்தானே நானும் சொல்றேன்.”

“உங்க போர் விமானத்துல எத்தனை சீட்டு?”

“ஒண்ணு.”

“அதுல முதல் தடவை ஏறினப்போ கூட யார் வந்தா?”

“ஒரே சீட்டுல யார் வர முடியும்? தனியாத்தான்.”

“பயந்தீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

கலியமூர்த்தி விமானத்தின் பின்சீட்டைப் பார்த்தார். அவரும் இதே மாதிரி வண்டியில் படித்தவர்தான்.

“சரி, ஏறுங்க. நான் ஜெனிட்டா, நீங்க கலியமூர்த்தி சார்” என்றார் அம்சவேணி.

அந்தத் தளத்து வழக்கம் அது. மாணவரை அனுப்பச் சொல்லும் ஆசிரியர், முதலில் ஒரு தடவை தலைமை ஆசிரியரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். தலைமை ஆசிரியர் அந்த மாணவராகவே நடிப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பின்சீட்டுக்காரர் பிடியை வாங்குவதானால், ‘என் கையில்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முன்சீட்டுக்காரர் ‘உங்கள் கையில்’ என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும். சொல்லாமல் தொடக்கூடாது.

மேலே போனார்கள்.

“சார், ஓடுபாதை எந்தப் பக்கம் சார்?”

“மேடம், ஜெனிட்டா அவ்வளவு மோசமில்லை.”

“மன்னிச்சிடுங்க சார்.”

இந்த விமானம் மெதுவாக வரத் தெரியாதது. வேகம் குறைந்தால் அந்தக் குட்டை இறக்கை தாங்காது. தரையைத் தொடும்போதும் மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் கிட்டே இருக்கும். அந்த வேகத்தில் அம்சவேணி கோணலாக வந்தார். கலியமூர்த்தி சொல்லச் சொல்ல நேராக்கினார். சக்கரம் பூப்போலத் தொட்டது. நிற்காமல் அப்படியே மறுபடி மேலே ஏறினார்கள்.

“இப்போ இறக்கினது யார் சார்?”

“நீங்கதான்.”

“நீங்க தொடலையே?”

“சத்தியமா இல்லை. ‘என் கையில்’னு சொன்னேனா?”

“சொல்லலை.”

இரண்டாம் தடவை இன்னும் கோணலாக வந்தார்.

“மூக்கைக் கொஞ்சம் தூக்குங்க” என்றார் கலியமூர்த்தி. “ம், அப்படித்தான். அந்த வேகத்திலேயே வைங்க. இதோ, இதைத்தான் ஜெனிட்டாவுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அருமை. அசைக்காதீங்க. அருமை மேடம்!”

சக்கரம் தொட்டது.

அப்போதுதான் அவர் முன்சீட்டைப் பார்த்தார்.

அம்சவேணி சோம்பல் முறிப்பவர்போல இரண்டு கைகளையும் தலைக்கு மேலே, கண்ணாடிக் கூரையில் ஊன்றியிருந்தார்.

“எப்போ... எப்போ எடுத்தீங்க?”

“‘மூக்கைத் தூக்குங்க’ன்னீங்களே, அப்போ.”

கலியமூர்த்தி குனிந்து பார்த்தார். அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் பிடியின் மேல் இருந்தன.

விமானம் ஓடி நின்றது.

“வெறும் ரெண்டு விரல்தான் மேடம்.”

“ரெண்டு விரல்னு உங்களுக்குத் தெரியும். முன்னாடி இருக்கறவளுக்கு?”

“பன்னிரண்டு வருஷம் ஒத்தை ஆளா ஓட்டின கை. எடுத்தா விழுந்துடுவோம்னு அதுக்கு நினைப்பு. வேணும்னு செய்யலை.”

“தெரியும். எனக்கும் இது தெரிய ஒரு வருஷம் ஆச்சு.”

தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே அம்சவேணி சொன்னார்:

“அதுக்குள்ளே ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

மறுநாள் முன்சீட்டில் ஜெனிட்டா உட்கார்ந்தாள். காகிதத்தைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள்.

மேலே ஏறியதும் சொன்னாள்:

“சார், இன்னைக்குப் பிடி ரொம்ப லேசா இருக்கு.”

“அப்படியா?”

“ஆமா சார். எப்பவும் கொஞ்சம் கனமா இருக்கும். இதுல ஏதும் பழுதா?”

“பழுதுதான். நேத்து சரி பண்ணிட்டாங்க.”

இறங்கத் திரும்பினார்கள். கலியமூர்த்தி வலது கையால் தன் முழங்காலைப் பிடித்தார். இடது கையால் அந்த வலது கையைப் பிடித்தார். கை அடங்கியது. வாய் அடங்கவில்லை.

“மூக்கு ஜெனிட்டா, மூக்கு. வேகத்தைப் பாரு. இடது பக்கம் போறே. பார்த்தியா? மூக்கு...”

தரை எழுந்து வந்தது. முழங்கால் வலித்தது. அவள் கெடுத்தால் எந்த உயரத்துக்குள் பிடியை வாங்கியாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த உயரம் வந்தது. வாங்குகிற அளவுக்கு அவள் கெடுக்கவில்லை. போனது.

தொப்பென்று விழுந்தார்கள். விமானம் துள்ளியது. மறுபடியும் தொப். பல்லோடு பல் இடித்தது. கோணிக்கொண்டு ஓடி, நேராகி, வேகம் குறைந்து, ஓடுபாதையின் கடைசியில் நின்றது.

பதினாறு தடவையில் இவ்வளவு மோசமாக அவள் இறக்கியதே இல்லை.

கலியமூர்த்தி முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

“என்ன தப்புப் பண்ணினே?”

“எஞ்சினை ரெண்டு நொடி முந்திக் குறைச்சிட்டேன் சார். அதான் விழுந்துருச்சு. துள்ளினதும் பயந்துபோய் மூக்கை இழுத்துட்டேன். இழுத்திருக்கக் கூடாது. சும்மா பிடிச்சிருந்தா அதுவே உட்கார்ந்திருக்கும்.”

அவர் சொல்ல வைத்திருந்ததும் அதுதான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் கையைத் திருப்பித் தன் விரல்களைப் பார்த்தார்.

“சார்?”

“சொல்லும்மா.”

“எரிபொருள் இன்னும் ரெண்டு சுத்துக்கு இருக்கு. போவமா சார்?”

“போகலாம்.”

“ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?”

“கேளு.”

“இந்தத் தடவை கொஞ்சம் பேசாம வாங்க சார்.”