மூன்றாம் தாழியில் தகரை விதை

கேளுங்கள். இந்தக் கதையில் ஓர் இடத்தை நான் பல வருடமாக நம்பவில்லை. ஆனாலும் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

முன்பு ஓர் ஆற்றங்கரையில் மாடக்கண்ணு என்ற சாயக்காரன் இருந்தான். அவன் தோய்த்த நீலம் துணி கிழிந்தாலும் போகாது. "எல்லாம் இந்தக் கைராசி" என்று கையை விரித்துக் காட்டுவான்.

அவன் மனைவி வெயிலாள் மழைக்காலம் முடிந்ததும் வரப்பு வரப்பாக அலைவாள். மஞ்சளாகப் பூத்துக் காய்த்து நிற்கும் தகரைச் செடிகளில் விதை உருவி வருவாள். அதை வேகவைத்து நீலத் தாழியில் ஊற்றுவாள். மூன்று நாளில் தாழி நுரைத்துப் புளிக்கும்.

அரசன் தன் கப்பலுக்கு நீலக் கொடி கேட்டான். சபைக்கு முன்னால் தோய்க்க வேண்டும். மூன்று தாழிக்குள் நிறம் நிற்காவிட்டால், துணி அலசும் ஆற்றுத்துறை வேறொருவனுக்கு. துறை போனால் தொழில் போயிற்று.

"ஏட்டி, அந்தக் களையை அரண்மனைக்குத் தூக்கிட்டு வராதே. சிரிப்பாங்க," என்றான் மாடக்கண்ணு.

"சரி, உங்க கைராசியையாவது மறக்காம எடுத்துக்கிடுங்க," என்றாள் வெயிலாள்.

முதல் தாழியில் நீலமும் சுண்ணாம்பும் மட்டும் போட்டான். துணியை அலசியதும் நிறம் தண்ணீரோடு போயிற்று. இரண்டாம் தாழியில் நீலத்தைக் கூட்டிப் போட்டான். அதுவும் போயிற்று. மூன்றாம் தாழியின் முன் நின்றான். மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தகரை விதை. அதை வேகவைத்துத் தாழியில் ஊற்றினாள்.

மூன்று நாள் கழித்துத் துணியை நனைத்து எடுத்தான். மஞ்சளும் பச்சையுமாக வந்தது.

"நீலம் கேட்டால் கீரைக்கட்டைத் தருகிறானே!" என்று சபை சிரித்தது. அதற்குள் காற்றுப் பட்டது. பார்க்கப் பார்க்கத் துணி நீலமாயிற்று. அலசினான். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

"என்ன கையப்பா இது!" என்று அரசன் தன் காப்பைக் கழற்றி நீட்டினான்.

மாடக்கண்ணுவும் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது, மடங்கியது.

"மகாராஜா, தோத்துப்போன ரெண்டு தாழிதான் என் கைராசி. இது தகரை விதை. உருவினது இவ."

அரசன் காப்பை வெயிலாளிடம் கொடுத்தான். துறையும் அவர்களுக்கே நிலைத்தது.

"எனக்கு இது முழங்கை வரைக்கும் ஓடுது. கைராசிக்காரருக்கே இருக்கட்டும்," என்று அவள் அதை அவன் கையில் மாட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஊரில் களையெடுக்கும்போது வரப்போரத் தகரையை மட்டும் விட்டுவைப்பார்கள்.

துணை நின்றவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்கிறவனுக்கே தொழில் நிலைக்கும்.

கதையை எனக்குச் சொன்ன சாயக்காரருக்கும் என் வயதுதான். போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்: "அத்தனை பேர் பார்க்க நீட்டின கையை அவன் நிஜமாகவே மடக்கினானா? நீங்களும் நானும் மடக்கியிருப்போமா?"