கோழி குடித்த தண்ணீர்

“எவ்வளவு பேசினாலும் கதவைச் சாத்திர்றாங்க, மேடம்” என்றார் அருளானந்தம்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினை வீடு வீடாகப் போய் விற்கும் வேலை அவருக்கு. மில்லை மூடிய பிறகு, இந்த வயதில் யார் வேலை தருவார்கள் என்று அலைந்து கிடைத்தது. சனிக்கிழமைக்குள் ஒன்றாவது விற்காவிட்டால் சோதனைப் பெட்டியை ஒப்படைத்துவிட்டு வேலையைவிட்டு நின்றுகொள்ளுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அன்று வியாழன்.

மேடம் என்று அவர் அழைத்த பர்வீனுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பரமக்குடிக் கிளையில் அவளைப்போல விற்பவர் யாரும் இல்லை. இத்தனைக்கும் அதிகம் பேசமாட்டாள்.

“போன வீட்டுல என்ன பேசினீங்களோ அதை எங்கிட்டப் பேசுங்க, அண்ணே. நான்தான் வீட்டுக்காரி” என்றாள். ஒரு தம்ளரில் தண்ணீர் மோந்து நீட்டினாள். “வாங்க, தண்ணி குடிங்க.”

அவர் வாங்கி மேசைமேல் வைத்தார். குடிக்கவில்லை. போன இடத்தில் எதையும் வாங்கிக் குடித்தால் பேச்சு திசைமாறிவிடும் என்பது கம்பெனி சொல்லிக்கொடுத்த பாடம். தனக்கு வேண்டிய தண்ணீரை அவர் பாட்டிலில் கொண்டுபோவார்.

பெட்டியைத் திறந்தார். இரண்டு கம்பிகளைத் தம்ளருக்குள் விட்டு ஒயரைச் சொருகினார். தண்ணீர் மெல்லப் பழுத்து, செங்கல் நிறமாகியது.

“பாத்தீங்களா? இதைத்தாம்மா உங்க பிள்ளைங்க தினமும் குடிக்குது!”

இந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினார். பிறகு தம்ளரை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தார்.

பர்வீன் காலித் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கம்பித் துருவுதான் கலங்குது, அண்ணே. தண்ணி இல்ல.”

“அப்படித்தான் செய்யச் சொல்லிக் குடுத்தாங்க.”

“நாளைக்கு எங்கூட வாங்க. பெட்டி வேண்டாம்.”

“பெட்டி இல்லாமலா?”

“பாட்டிலும் வேண்டாம்.”

மறுநாள் கண்மாய் வறண்டு கிடந்த கிராமம் ஒன்றுக்குப் போனார்கள்.

முதல் வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பர்வீன் குடித்தாள். அருளானந்தம் பழக்கதோஷத்தில், “வேண்டாம்மா” என்றார். பர்வீன் அந்த வீட்டுப் பெண்ணின் பிரசவக் கதையைக் கடைசிவரை கேட்டுவிட்டு எழுந்தாள். மிஷின் என்ற வார்த்தையே வரவில்லை.

அடுத்த வீட்டில் ஆடு காணாமல்போன கதை.

தெருவுக்கு வந்ததும் அருளானந்தத்துக்குப் பொறுக்கவில்லை.

“நாளைக்குப் பெட்டியைப் பிடுங்கிருவாங்க, மேடம். நீங்க ஆடு தேடிக்கிட்டு இருக்கீங்க.”

“உங்களுக்குத் தொண்டை கட்டுது, அண்ணே. தண்ணி குடிச்சிருக்கலாம்ல?”

அதற்குள் அவள் அடுத்த வாசலில் நின்றாள்.

“இந்த வீடு வேண்டாம், மேடம். போன வாரம் வந்து கம்பி விட்டுக் காட்டினேன். அந்தம்மா ஒரு வார்த்தை பேசாமக் கதவைச் சாத்திட்டாங்க.”

கதவு திறந்துவிட்டது. நாற்பது வயதுக்காரி ஒருத்தி, இருளாயி என்று பெயர், முதலில் பர்வீனையும் பிறகு அவரையும் பார்த்தாள்.

“கம்பி சாரா?”

அருளானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். வெயில் உச்சியில் நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

இருளாயி உள்ளே போனாள். கதவைச் சாத்தத்தான் போகிறாள் என்று நினைத்தார். செம்போடு வந்தாள்.

“குடிங்க, சார்.”

இரண்டு கையாலும் நீட்டினாள். மனைவி ரெஜினா இறந்ததிலிருந்து அவர் தண்ணீரை அவரேதான் மோந்து குடித்துவந்தார்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இனிக்குதேம்மா! எந்தக் கிணறு?”

“கிணறா? அதெல்லாம் உப்பு. ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி எடுக்குறோம். விடியுமுன்னப் போயிக் குழிக்குள்ள இறங்கி, தேங்காய்ச் சிரட்டையில மோந்து மோந்து ஊத்தணும். ஒரு குடம் நிறையுறதுக்குள்ள இடுப்பு போயிரும். அப்புறம் வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வரணும்.”

அருளானந்தம் வாசலைப் பார்த்தார். போன வாரம் அவள் தந்த தம்ளரை அவர் கவிழ்த்தது அந்த இடத்தில்தான்.

“நான் அன்னைக்கு…”



இருளாயி சட்டென்று சிரித்தாள். “விடுங்கண்ணே. கோழி குடிச்சிருச்சு.”

அவரும் சிரிக்கப் பார்த்தார். கண்தான் நிறைந்தது.

இருளாயி உட்கார்ந்தாள். இடுப்பைப் பற்றிச் சொன்னாள். மணல் சரிந்து ஒருநாள் குழிக்குள் மாட்டிக்கொண்டதைச் சொன்னாள். அருளானந்தம் இடையில், “அப்புறம்?” என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் அவளே கேட்டாள். “அந்த மிஷின் எங்களுக்கு ஆகுமாண்ணே?”

அருளானந்தம் பர்வீனைப் பார்த்தார். பர்வீன் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளை சனிக்கிழமை.

“ஆகாதும்மா” என்றார். “நீங்க மூணு குடம் ஊத்தினா ஒரு குடந்தான் குடிக்க வரும். மிச்சத்தைக் கழிவாத் தள்ளிரும். சிரட்டையில மோந்த தண்ணியை அதுக்குக் குடுக்காதீங்க.”

இருளாயி ரவிக்கைக்குள்ளிருந்து போனை எடுத்தாள்.

“மதினி, பரமக்குடியில உங்க வீட்டு போர் தண்ணி உப்புன்னு பொலம்புனியள்ல? நாளைக்குக் காலையில ஒரு அண்ணன் வருவாரு. அவரு வேண்டாம்னா வாங்காதிய. வாங்கச் சொன்னா வாங்குங்க.”

திரும்பி வரும் வழியில் பஸ் ஸ்டாப் தெரிந்ததும் அருளானந்தத்துக்குப் பழைய பதைப்பு வந்துவிட்டது.

“மேடம், நாளைக்கு அந்த வீட்டுல போயி முதல்ல என்ன பேசணும்?”

பர்வீன் புழுதியை உதறிக்கொண்டு பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.

“தாகத்தோட போங்க, அண்ணே.”